தலை தீபாவளிக் கார்

'இந்த வண்டியை ஓட்ட வேண்டாம். வண்டியை உடனே எங்கள் பட்டறைக்குக் கொண்டுவரவும்.'

கார் கம்பெனி அனுப்பிய கடிதத்தை ஜீவானந்தம் நான்காவது முறையாகப் படித்தான். ஓட்டாமல் எப்படிக் கொண்டுபோவது என்று அதில் போடவில்லை. தூக்கிக்கொண்டு வருவான் என்று நினைத்திருப்பார்கள்.

விஷயம் இதுதான். அந்த மாடல் கார்களில் டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் ரப்பர் குழாய் சரியில்லையாம். வெடிப்பு விட்டு ஒழுகுமாம். சூடான எஞ்சின்மேல் ஒழுகினால் தீப்பிடிக்கவும் கூடுமாம். குழாயை இலவசமாக மாற்றித் தருவார்களாம். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறார்களாம்.

வருந்துவதற்கு ஜீவானந்தத்துக்குக் கம்பெனியின் துணை தேவையில்லை. ஸ்ரீபெரும்புதூரில் போல்ட்டு, நட்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவன் ஸ்டோர்கீப்பர். எது கையில் வந்தாலும் திருப்பிப் பார்த்து, அடியில் விரிசல் இருக்கிறதா என்று தேடுகிற ஆள். கல்யாணத்தன்று மாலையைக்கூட அப்படித்தான் பார்த்தான். விரிசல் தேடாமல் அவன் வாங்கிக்கொண்டது வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளைத்தான். அது இந்தக் கார்.

கொடுத்தவர் அவனுடைய மாமனார், மண்ணூர் நடேசன். ரோட்டோர நிலத்தை ஒரு கம்பெனிக்கு விற்ற கையோடு வாங்கி, துணி போர்த்தி, காக்கை உட்காராமல் காவல் காத்த கார் அது. பந்தியில் இரண்டாவது அப்பளம் கேட்டவனை இன்றுவரை மறக்காத மனிதர் நடேசன். அவர் போன வருஷம் தலை தீபாவளி அன்று, தெருவே பார்க்க, சாவியை மாப்பிள்ளை கையில் வைத்தார். மாமியார் சின்னப்பொண்ணு தூணைப் பிடித்துக்கொண்டாள். ஜீவானந்தம் அழுதேவிட்டான்.

அன்றைக்கு ஆரம்பித்த அழுகை அப்புறம் நிற்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எட்டு மாதமாக அவன் வீட்டில் எந்தப் பேச்சும் ஒரே இடத்தில்தான் முடிந்தது. ஓசூருக்கு மாற்றல் கிடைத்ததே, போகலாமா என்றான். கார் கொடுத்த மனுஷனை விட்டுவிட்டா என்றாள் மனைவி மதிவதனி. மாற்றல் போயிற்று. பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தன் அப்பா பெயரை வைக்க ஆசைப்பட்டான். அதுவும் கார் கொடுத்த மனுஷனின் அப்பா பெயராக மாறியது.

இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. தண்டலத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மண்ணூருக்கே வந்து, வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கச் சொன்னார் மாமனார். அதற்கு மட்டும் ஜீவானந்தம் தலையாட்டவில்லை. வருகிற மாசம் பார்க்கலாம் என்று மாதாமாதம் தள்ளிப்போட்டான். ஒன்றரை அறைதான் என்றாலும் அந்த வீட்டில் அவன் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். அவனுக்கென்று உலகத்தில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான்.

மாம்பழம் கொடுக்க இருவரும் மண்ணூர் வந்த சனிக்கிழமையில்தான் கடிதம் அகப்பட்டது. கார் இன்னும் மாமனார் பேரிலேயே இருந்ததால் கம்பெனி அவருக்கு எழுதியிருந்தது. அவர் களத்துக்குப் போயிருந்தார். மாப்பிள்ளைதானே என்று தபால்காரர் இவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நடேசன் திரும்பி வந்ததும் ஜீவானந்தம் கடிதத்தை நீட்டினான். அவர் அதை வாங்கி, படிக்காமலே மடித்தார்.

"கம்பெனிக்காரனுக்கு வேற வேல இல்ல மாப்ளே. கிழிச்சுப் போட்டுட்டு சாப்புட வாங்க."

"ரெண்டு வாரமா பெட்ரோல் வாடை வருது மாமா. கீழ சொட்டுது."

நடேசன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆசையா குடுத்த பொருளு. அதுல போயி நொட்டை சொல்றீங்களே."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மதிவதனி வெளியே வந்தாள். எங்கப்பா கார் கொடுத்தாரே, உங்க வீட்டில் எனக்கு ஒரு குடையாவது கொடுத்தார்களா என்று கேட்டாள். கொடுக்கவில்லைதான். அன்று அவள் தண்டலத்துக்குக் கிளம்பவில்லை. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டால்தான் வருவாளாம்.

அவள் வந்திருந்தாலும் காரில் வந்திருக்கமாட்டாள். மாசமாக இருக்கிற பெண் காரில் குலுங்கக்கூடாது என்று நடேசன் கண்டிப்பாகச் சொல்லி, எங்கே போனாலும் பஸ்ஸிலேயே அனுப்பினார். பஸ் குலுங்காது என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. அவரும் அந்தக் காரில் கால் வைப்பதில்லை. கொடுத்த பொருளைத் தானே அனுபவிக்கக்கூடாதாம். அந்தப் பெருந்தன்மையைப் பற்றி மண்ணூரே பேசியது.

ஜீவானந்தம் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தண்டலம் வந்து சேர்ந்தான்.

வீட்டுக்காரி கோவிந்தம்மா விறகடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வாசனை பிடித்தவள், வாசலில் நின்ற காரைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள்.

"தம்பி, ஒண்ணு என் அடுப்பு இருக்கணும், இல்ல உன் காரு இருக்கணும். நீயே சொல்லு."

காரைத் தள்ளிக்கொண்டு போய் ஏரிக்கரையில் நிறுத்தினான். மெக்கானிக் எல்லப்பனைக் கூட்டிவந்தான். எல்லப்பன் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, துணி துவைக்கிற பார் சோப்பு ஒன்று கேட்டார். அதைப் பிசைந்து குழாயின் வெடிப்பில் அப்பினார். சோப்பு பெட்ரோலில் கரையாது சார், பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்றார். உண்மைதான், பெட்ரோலில் கரையவில்லை. அன்று சாயங்காலம் பெய்த மழையில் கரைந்தது. ஏரிக்கரை முழுக்க நுரை. துணி துவைக்க வந்த பெண்கள் மட்டும் சந்தோஷப்பட்டார்கள்.

மறுநாள் எல்லப்பன் சைக்கிள் டியூபை வெட்டிக் குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். டியூப் பெட்ரோலைக் குடித்து உப்பியது. ஒரு இடத்தில் ஒழுகியது இரண்டு இடத்தில் ஒழுகியது. இனி கம்பெனிதான் கதி என்று அவர் கையைக் கழுவிக்கொண்டார்.

பட்டறை பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இருந்தது. ஜீவானந்தம் லீவு போட்டு, ஒரு டிராக்டரைப் பிடித்து, காரைக் கயிற்றால் கட்டி இழுத்துக்கொண்டு போனான். தொண்ணூற்றொன்றாம் வருஷம் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு பெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து எது வந்தாலும் போலீஸ் நிறுத்தியது. பெட்ரோல் சொட்டச் சொட்ட ஒரு கார் வந்தால் கேட்க வேண்டுமா? செம்பரம்பாக்கத்தில் ரோட்டையே மறித்தார்கள். டிராக்டர்காரரையும் இவனையும் வெயிலில் இரண்டு மணி நேரம் கையைத் தூக்கி நிற்கவைத்தார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டர் கடிதத்தை வாங்கிப் படித்தார்.

"ஓட்டாதேன்னுதானய்யா போட்டிருக்கு? ஏன் எடுத்துக்கினு வந்தே?"

"அடுத்த வரியும் படிங்க சார்."

இன்ஸ்பெக்டர் படித்தார். அவர் முகத்தில் இரக்கம் வந்தது. போகச் சொல்லிவிட்டார்.

பட்டறைக் கவுண்டரில் நாகப்பன் என்ற குமாஸ்தா இருந்தார். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தார். வண்டி நடேசன் பேரில் இருக்கிறது, நீங்கள் நடேசனா என்று கேட்டார். மாப்பிள்ளை என்றான். மாப்பிள்ளைக்கெல்லாம் குழாய் மாற்ற முடியாது, ஓனர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு பாரத்தைக் கொடுத்தார். டிராக்டர் காரைத் திரும்ப இழுத்துவந்தது. செம்பரம்பாக்கத்தில் போலீஸ்காரர்கள் இந்தத் தடவை சிரித்தார்கள்.

மண்ணூருக்குப் போய்ப் பாரத்தை நீட்டினான். நடேசன் பேனாவைக் கையில் வாங்கினார், திருப்பிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். தான் கொடுத்த பொருள் கெட்ட பொருள் என்று தன் கையாலேயே எழுதித் தரச் சொல்கிறாரே மாப்பிள்ளை என்று சின்னப்பொண்ணுவிடம் சொல்லி மூக்கைச் சிந்தினார். மதிவதனி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டு அழைத்துவர வந்தவன், கேட்க வேண்டிய மன்னிப்பு இரட்டிப்பானதோடு திரும்பினான்.

ஏழு வருஷமாக ஸ்டோரில் ஒரு நட்டைக்கூடத் திருடாத ஜீவானந்தம் அன்று கள்ளக் கையெழுத்துப் போட்டான். நடேசன் என்று எழுதி, கீழே அவர் போடுவதுபோல் இரண்டு கோணல் கோடும் இழுத்தான். கை நடுங்கியதால் கோடுகள் நன்றாகவே வந்தன.

மறுபடியும் டிராக்டரில் காரை இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். நாகப்பன் பாரத்தை வாங்கி, அலமாரியிலிருந்து ஒரு பைலை எடுத்து, அதிலிருந்த கையெழுத்தோடு வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"இது அவரு போட்டது இல்ல. நீங்க போட்டது."

கார் பட்டறையிலேயே நிற்கட்டும் என்றார் நாகப்பன். சனிக்கிழமைக்குள் ஓனர் நேரில் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் பாரம் மேலதிகாரிக்குப் போகும், மேலதிகாரியிடமிருந்து போலீஸுக்குப் போகும். போலீஸ் என்றதும் அவனுக்குச் செம்பரம்பாக்கம் ஞாபகம் வந்தது. கள்ளக் கையெழுத்து என்று கேஸ் வந்தால் வேலை போய்விடும். ஆறு மாதக் கர்ப்பிணியை வைத்துக்கொண்டு அவன் எங்கே போவான்?

அன்றே மண்ணூர் போய் மாமனார் காலில் விழுந்தான். நடந்ததை எல்லாம் சொன்னான். சனிக்கிழமை ஒரு தடவை வந்து நின்றால் போதும் என்றான். நடேசனுக்கு முழங்கால் வலித்தது. அப்புறம் தலை சுற்றியது. பிறகு சனிக்கிழமை கிழக்கே போகக்கூடாது என்று நினைவுக்கு வந்தது. கடைசியில், வீட்டோடு வந்துவிடுகிற மாப்பிள்ளையாக இருந்தால் மகன் மாதிரி, மகனுக்காகப் போகலாம், நமக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லையே என்று பெருமூச்சு விட்டார். இவன் ஒப்புக்கொள்ளவே மாட்டான் என்ற நம்பிக்கையில் விட்ட பெருமூச்சு அது.

"வந்துடறேன் மாமா" என்றான் ஜீவானந்தம்.

சின்னப்பொண்ணு கும்பிட்டாள். மதிவதனி கதவைத் திறந்துகொண்டு வந்து, பல நாளைக்குப் பிறகு அவனைப் பார்த்துச் சிரித்தாள். நடேசன் முகத்தில் மட்டும் சந்தோஷம் தெரியவில்லை. கேட்டது கிடைத்த மனுஷனுக்கு ஏன் இப்படி முகம் வெளுக்கிறது என்று ஜீவானந்தத்துக்கு விளங்கவில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை தண்டலத்து வீட்டைக் காலி செய்தான். கட்டில், பீரோ, பேப்பர் படிக்கும் நாற்காலி எல்லாம் அதே டிராக்டரில் ஏறின. கோவிந்தம்மா சாவியை வாங்கிக்கொண்டு, நல்ல பையன், காருதான் சரியில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். மண்ணூர் வீட்டில் நாற்காலியைப் போட இடமில்லை. அதை மாட்டுக்கொட்டகையில் வைத்தார்கள். அன்று முழுக்க அவன் சட்டையைக் கழற்றவில்லை.

சனிக்கிழமை காலை மாமனாரும் மாப்பிள்ளையும் பஸ்ஸில் பூந்தமல்லி போனார்கள். வழியில் நடேசன் இரண்டு தடவை வேறு ஊரில் இறங்கப் பார்த்தார். இரண்டு தடவையும் ஜீவானந்தம் கையைப் பிடித்து உட்காரவைத்தான். பட்டறைக்குள் நுழையும்போது அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பெஞ்சில் உட்கார்ந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாகப்பன் அன்று லீவு. உள்ளறையில் டைப் அடிக்கிற கங்கா என்ற பெண் வந்து கவுண்டரைப் பார்த்துக்கொள்வாள் என்றார்கள். நல்லதாகப் போயிற்று என்று ஜீவானந்தம் நினைத்தான். மாமனார் எதிரில் கள்ளக் கையெழுத்துப் பேச்சு வராது. அவனுக்கு மனசு நெகிழ்ந்தது. முழங்கால் வலியோடு, தலைசுற்றலோடு, தனக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே. கார் கொடுத்த மனுஷன். வெளியே போய் அவருக்கு மோர் வாங்கிவந்து, பக்கத்தில் குனிந்து நீட்டினான். நடேசன் வேண்டாம் என்று தலையாட்டினார்.

கங்கா ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்தாள். பெயரைப் படித்தாள். எட்டிப் பெஞ்சைப் பார்த்தாள். மோர் குடிப்பதற்காக மாப்பிள்ளையே அவர் முகத்துத் துண்டை அன்பாக விலக்கிக்கொண்டிருந்தான். தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அவள் சிரித்தாள்.

"அய்யா, நல்லாகீறீங்களா? போன தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தீங்களே, குழாய் வர மாசக்கணக்கா ஆவும், அதுவரைக்கும் இந்த வண்டில யாரும் ஏறாதீங்கன்னு நான் சொன்னதுக்கு, அப்ப எவன் தலையிலயாவது கட்டிடறேன்னு சொல்லிட்டுப் போனீங்களே, இன்னுமா ஆளு கெடைக்கல?"