சொல்தாவின் கோணி

கோணிக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நாய் சொல்தா நடுங்கியது. அதன் வாயோரம் ஒட்டியிருந்த நீல பிளாஸ்டிக் துண்டை மருதையன் மட்டும்தான் பார்த்தான். அது அவனுடைய இன்ஹேலர்.

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளை எடை போடும் மருதையனுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வீசிங். பெண் பார்த்த அன்று, 'ஒரு நோய்நொடி கிடையாது' என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் போட்டி போட்டுக்கொண்டு சொல்லிவிட்டார்கள். அப்புறம் எந்த முகத்தோடு அல்லியின் முன்னால் மருந்தை உறிஞ்சுவது? கோவில்பத்து வீட்டில் யாரும் கை வைக்காத இடம் நாய் படுக்கும் கோணிதான். அதற்குள் ஒளித்துவைத்தான்.

"என்னங்க, நாய் இப்படி இளைக்குது?" என்றாள் அல்லி.

"வெயிலு."

மோர் கொடுத்தார்கள். வாந்தி எடுத்தது. வெயில் இல்லை, கண்ணேறுதான் என்று முடிவுகட்டிய அல்லி, முந்தானையால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டாள். நெடியில் மருதையனுக்கு நெஞ்சு அடைத்தது. மருந்தோ நாயின் வயிற்றில் இருந்தது. நாயும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இளைத்தார்கள்.

"உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"அதைப் பாத்தா மனசு தாங்கல."

அது பொய்யில்லை. அந்த நாய் என்றால் அவனுக்கு உயிர்.

ஆட்டோ வந்தது. கோணி வேண்டாம் என்றான் மருதையன். ஆமாம், ஒரே நாற்றம் என்றாள் அல்லி உடனே. கல்யாணமானதிலிருந்து இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. சொல்தா ஒத்துக்கொள்ளவில்லை. தூக்கும்போதும் கோணியைக் கவ்விய பல்லை அது விடவில்லை.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் நௌஷின், நாய் என்ன தின்றது என்று கேட்டார். ஆட்டெலும்பு என்றான் மருதையன். டாக்டர் நாயின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"எலும்பு தின்ன நாய்க்கு நெஞ்சு இப்படி ஓடாதுங்க. உண்மையைச் சொன்னா காப்பாத்தலாம்."

மருதையன் அல்லியைப் பார்த்தான். நாயைப் பார்த்தான். சொல்லிவிட்டான்.

"நீங்க ஒரு வேளைக்கு ரெண்டு அழுத்து அழுத்துவீங்க. நாய் கடிச்சா டப்பா மொத்தமும் ஒரே மூச்சுல உள்ள போயிடும். நெஞ்சு தறிகெட்டு ஓடும், பொட்டாசியம் இறங்கிடும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா போயிருக்கும்."

நாய்க்கு ஊசியும் டிரிப்ஸும் ஏறின. மருதையனுக்கு ஒரு புது இன்ஹேலர் வாங்கிவரச் சொல்லி, உதவியாளர் அன்பழகனை மருந்துக்கடைக்கு அனுப்பினார் டாக்டர்.

அல்லி விசும்பி விசும்பி அழுதாள். "கட்டுனவகிட்ட மறைக்கிற விஷயமா இது? உங்க வீட்டுல ஒருத்தர்கூட வாயத் திறக்கலையே. இனிமே உங்களை எப்படி நம்புறது?"

மருதையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அவள் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

சாயங்காலம் சொல்தா வாலை ஆட்டியது. அன்பழகன் கோணியை எடுத்து வாசலில் உதறினான். என்னவோ உருண்டு விழுந்தது. அழுதுகொண்டிருந்த அல்லி சட்டென்று எழுந்து ஓடினாள்.

"பதறாதீங்கக்கா," என்றான் அன்பழகன். "உங்க ஆரஞ்சு இன்ஹேலரை நாய் கடிக்கல."