அழுக்குப் படாத பிழிமெசின்கள்

டென்மார்க்கில் பிழிமெசின் பிரியர் என்றொரு வகைப் பிறவி உண்டு. நீங்கள் இதுவரை சந்தித்ததில்லை என்றால் கொடுத்து வைத்தவர். மூன்று காலில் நிற்கும் பெரிய தொட்டி. அதன் தலைக்கு மேல் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு சுழலும் இரண்டு ரப்பர் உருளைகள். ஈரத்துணியின் நுனியை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் அப்பளமாய் வரும். அதுதான் பிழிமெசின். டேனிஷ் பெண்கள் இருபது இருபத்தைந்து வருடம் இதோடு மாரடித்து, தானாகவே பிழியும் புது மெசின் வந்த அன்றே இதைப் பின்வளவில் தள்ளிவிட்டார்கள். தள்ளியதை ஓடிப்போய்த் தூக்கி வந்து, துரு சுரண்டி, வர்ணம் பூசி, போர்வை போர்த்தி, பக்கத்தில் நின்று படமும் பிடித்துக்கொள்கிறவர்தான் நம்முடைய ஆள். வாழ்நாளில் மூக்குத் துடைக்கும் ஒரு கைலேஞ்சி தோய்த்திருப்பாரா? தோய்த்திருந்தால் இந்த ஆசை வந்தே இராது.

கிரின்ஸ்டெட் ஊரில் இருக்கும் நம் தமிழர் லோரன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாம், அவரைக் கட்டிய பாவத்துக்கு ஆளான மரியநாயகியை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னாரிலிருந்து வந்து இரண்டு வருடம். அவருக்குத் தொழிற்சாலை, அவளுக்கு வயோதிபர் இல்லம், இரண்டு பிள்ளைகள், கராஜோடு ஒரு வாடகை வீடு. அந்தக் கராஜில் நான்கு பிழிமெசின்கள் கம்பளிக்குள் சுகமாய்ப் படுத்திருக்க, கார் வெளியே பனியில் நின்றது. காலையில் கார்க் கண்ணாடியில் உறைபனி சுரண்டுகிறவள் மரியநாயகி. மாலையில் குளியல் தொட்டியருகே முழங்காலில் நின்று நாலு பேரின் உடுப்பையும் கையால் கும்முகிறவளும் அவளே.

"இஞ்சேருங்கோ, நாலில ஒண்டையாவது எனக்குத் தோய்க்கத் தாங்கோவன்" என்று ஒருநாள் கேட்டாள்.

"அழுக்கு உடுப்பையோ?" லோரன்ஸ் பதறிப்போனார். "நாப்பத்தொன்பதாம் ஆண்டு மெசின் அது, நாயகி! ஊத்தை பட்டா எனாமல் போயிடும்."

"அப்ப புதுசா ஒண்டு வாங்குவம்."

"நாலு மெசின் நிக்கிற வீட்டுக்கு அஞ்சாவது ஏன்? ஆக்கள் சிரிப்பினம்."

அவள் சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

சனிக்கிழமை வந்தால் கராஜில் பூசை. விபோர்க்கிலிருந்து பஸ்தியாம்பிள்ளை அண்ணை வருவார். மரச்செருப்புப் போட்ட டேனிஷ்காரர் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் மோட்டாரில் காது வைத்துக் கேட்பார், ஒருவர் உருளையைத் தடவுவார், ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு "ஆகா" என்பார். பிறகு மரியநாயகி சுட்ட றோல்ஸைத் தின்று கோப்பியைக் குடித்து, எல்லாரும் சேர்ந்து ஒரு வெள்ளை மேசைவிரிப்பைத் தோய்ப்பார்கள். அது சுத்தமான மேசைவிரிப்பு. போன சனியும் அதைத்தான் தோய்த்தார்கள், அதற்கு முந்தின சனியும் அதைத்தான். அழுக்கே படாத துணியை வாரம் தவறாமல் தோய்த்துவிட்டு, "இந்தக் காலத்து மெசின் இப்பிடி வெளுக்குமோ?" என்று பஸ்தியாம்பிள்ளை கேட்பார். எப்படி வெளுக்காமல் போகும்?

அந்த நாற்பத்தொன்பதாம் ஆண்டு மெசின், பக்கத்து வீட்டுக் கிர்ஸ்டன் கிழவி தள்ளிவிட்டது. ஒருமுறை உருளை அவளுடைய விரலைப் பிடித்து நகத்தைத் தின்றுவிட்டதால், தட்டினால் உருளைகள் விலகும்படி ஓர் இரும்புக் கட்டை பூட்டுவித்திருந்தாள். நம் வித்துவான்கள் முதல் வேலையாய் அதைக் கழற்றினார்கள். பிறகு பூட்டியதாம், அசல் இல்லையாம். கிர்ஸ்டன் வேலிக்கு மேலாய் நகமில்லாத விரலை நீட்டி, "அந்தக் கட்டை இருக்கட்டும்" என்றாள். பெண்பிள்ளைக்கு மெசினைப் பற்றி என்ன தெரியும் என்று ஆண்கள் சிரித்தார்கள். இருபத்திரண்டு வருடம் அதில் தோய்த்தவளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

எண்பத்தாறாம் ஆண்டு மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. ஒடென்சேயிலிருந்து ஒரு டேனிஷ் பெரியவர் வருகிறார், பதினொரு மெசின் வைத்திருக்கிறவர் என்று லோரன்ஸ் விடியத் தொடக்கம் நிலைகொள்ளாமல் திரிந்தார். இருக்கக் கதிரை காணாது, இரவல் கேட்போம் என்று மரியநாயகி கிர்ஸ்டன் வீட்டுக்குப் போன நேரத்தில் பெரியவர் வந்துவிட்டார். மேசைவிரிப்பை எடுத்தார்கள். தோய்த்துத் தோய்த்து நைந்திருந்த அது, கையோடு கிழிந்தது. லோரன்ஸுக்கு மானம் போகிற நிலைமை. சுத்தமாய், நீளமாய், கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு துணி வேண்டும். வீட்டுக்குள் ஓடினார்.

அறைக்கதவில் இளநீல மணிப்புரிச் சேலை அயர்ன் பண்ணித் தொங்கியது. ஊரைவிட்டு வரும்போது மரியநாயகி கடதாசியில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்த ஒரேயொரு நல்ல சேலை. அடுத்த நாள் தெரிந்தவர் அந்தோனிதாசனின் குழந்தைக்கு ஞானஸ்நானம், அவள்தான் ஞானத்தாய். இன்னொரு சேலை வாங்க அந்த ஊரில் கடை ஏது?

கதிரைகளைத் தூக்கிக்கொண்டு மரியநாயகியும் கிர்ஸ்டனும் கராஜ் வாசலுக்கு வந்தபோது மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. ஆறு யார் நீளச் சேலையின் தலைப்பு உருளையில் சுற்றிச் சுற்றிப் பந்தாகி, மிச்சத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. லோரன்ஸ் உருளையின் பக்கவாட்டைத் தட்டு தட்டென்று தட்டினார். தட்டவேண்டிய கட்டையோ 'அசல் அல்ல' என்று எழுதிய மேசை லாச்சிக்குள் கிடந்தது. கிர்ஸ்டன் கதிரையைப் போட்டுவிட்டுப் போய் மின்கம்பியைப் பிடுங்கினாள். இறுக்கம் தளர்த்த மேலே ஒரு திருகு உண்டு. மூன்று தரம் பூசிய வர்ணத்தில் அது அசையாமல் ஒட்டிப்போயிருந்தது.

இனி இரண்டே வழி. சேலையை வெட்டலாம், அல்லது உருளை ரப்பரை வெட்டலாம். ஆண்கள் கூடி ஆலோசித்தார்கள். எல்லார் கண்ணும் உருளையில்தான்.

"தங்கச்சி, குறை நினைக்காதையும்" என்று பஸ்தியாம்பிள்ளை தொண்டையைச் செருமினார். "சாறியெண்டா ஊரிலயிருந்து எடுப்பிக்கலாம். இந்த உருளை இனி உலகத்திலயே செய்யிறேல்லை."

ஒடென்சேப் பெரியவர் ஒரு சொல்லும் விளங்காமலே பலமாகத் தலையாட்டினார்.

மரியநாயகி புருசனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, தன் பக்கம் ஒரேயொரு வார்த்தை சொல்வார் என்று நின்றாள். லோரன்ஸ் உருளையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கொஞ்சம் வெட்டினாக் காணும் நாயகி. தோள் மடிப்புக்குள்ள மறைஞ்சிடும்."

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது, இரண்டு வருடம் குளியல் தொட்டியில் கும்மிக் கும்மி அடக்கிய ஆத்திரம். குசினிக்குப் போய்ப் பாண் வெட்டும் கத்தியோடு திரும்பினாள். ஆண்கள் விலகினார்கள். சேலை சுற்றாத உருளையின் ஒரு முனையில் கத்தியை வைத்து மறுமுனைவரை ரப்பரை அறுத்து உரித்தாள். செத்தவீட்டில் பெட்டி மூடும்போது எழுகிற மாதிரி ஒரு சத்தம் பஸ்தியாம்பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. சேலை முழுதாய் வெளியே வந்தது, தலைப்பில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுத்த எண்ணெயோடு.

அடுத்த நாள் அதையேதான் உடுத்தாள். எண்ணெய்க் கறை நெஞ்சுக்கு முன்னால் தெரியும்படி தலைப்பை விரித்துக் குத்தினாள். கோயிலில் பெண்கள் ஒவ்வொருவராய் வந்து, "என்னடியப்பா இது?" என்று கேட்டார்கள்.

"அவற்ற மெசின்ர எண்ணெய்" என்றாள். "அசல்."

பக்கத்தில் மெழுகுதிரியோடு நின்ற லோரன்ஸ் நிமிரவேயில்லை. திருந்தினாரா என்கிறீர்களா? நல்ல கேள்வி! அறுந்த ரப்பரைப் பஞ்சுப் பெட்டியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கண்கலங்கக் காட்டினார்.

திங்கட்கிழமை தொடக்கம் மரியநாயகி தன் உடுப்பையும் பிள்ளைகளின் உடுப்பையும் மூட்டை கட்டிக் கிர்ஸ்டனின் புது மெசினுக்குக் கொண்டுபோனாள். லோரன்ஸின் கிறீஸ் பிடித்த வேலை உடுப்பு மட்டும் மூலையில் குவிந்தது. "உங்களிட்டத்தான் நாலு மெசின் நிக்குதே" என்றாள். மூன்றாம் வாரம் மாற்று உடுப்பில்லாமல் போக, ஒரு நல்ல முடிவெடுத்தார் மனுசன். அவ்வளவு அழுக்கை மெசினில் போடலாமோ? குளியல் தொட்டியருகே முழங்காலில் நின்று கையால் கும்மத் தொடங்கினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடிந்ததும், பிளாஸ்டிக் உறை கழற்றாத உங்கள் சோபாச் செற்றியில் மெதுவாய் இருந்து, யாருக்கும் தேத்தண்ணி கொடுக்காமல் கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைத்திருக்கும் பீங்கான் கோப்பைகளைப் பார்த்தபடி, ஒன்றே ஒன்றை யோசித்துச் சொல்லுங்கள்: இப்போது நீங்கள் போட்டிருக்கும் சட்டையைத் தோய்த்தது யார்?