ஊறுகாய் பாட்டிலில் இறங்கிய கங்கை

வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரே பேச்சு. ஜலஜோதி குருமூர்த்தி வருகிறார்! அவருடைய கண்ணாடி விளக்கு, பூமிக்கடியில் தண்ணீர் இருந்தால் நீலமாக எரியும், இல்லாவிட்டால் சிவப்பு. உள்ளங்கையில் தேங்காய் வைத்து, கிணறு தோண்டப் பாயிண்ட் பார்த்தவர்கள் இனி அதைச் சட்னிக்கு அரைக்கலாம். ஒன்று மட்டும், பொழுது சாய்ந்த பிறகுதான் பார்ப்பார். கங்காதேவிக்குப் பகலில் வேறு வேலை போலிருக்கிறது.

அன்று கைலாசத்தின் மரவள்ளிக் காட்டில் திருவிழாக் கூட்டம். போன மாதம் இதே குருமூர்த்தி சாமி காட்டிய இடத்தில் கைலாசம் போர்க்கிணறு போட்டார். எழுநூறு அடி போயும் கல்மாவுப் புகைதான் வந்தது. "உங்க ஊட்டுல யாருக்கோ நம்பிக்கை கொறவுங்க" என்றார் சாமி. கூட்டமும் தலையாட்டியது. இப்போது இரண்டாவது போர். அதற்காக, மிச்சமிருந்த ஒரே கறவை மாட்டையும் விலை பேசியாயிற்று. வியாபாரி கயிற்றோடு வேலியோரம் நின்றார். கைலாசத்தின் மனைவி நல்லம்மாள் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மகள் பிரவீனா, நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் ஒயரிங் வேலை பார்ப்பவள். கழற்றிப்போட்ட கேபின் லைட் பட்டை, பழைய சின்ன பேட்டரி, காலி ஊறுகாய் பாட்டில் எல்லாம் சேர்த்துத் தன் அறைக்கு ஓர் அழகு விளக்குச் செய்திருந்தாள். போன தடவை அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். சாமிக்கு மந்திரம் வாயில், கை துண்டுக்குள்.

பாட்டிலைக் கொண்டுவந்து சாமியின் ஜோதி விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதையுங் கொஞ்சம் ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி."

இத்தனை பேர் பார்க்க மறுக்க முடியுமா? குருமூர்த்தி கண்ணை மூடி முணுமுணுத்தார். கை துண்டுக்குள் போயிற்று. ஜோதி நீலமானது. ஊறுகாய் பாட்டிலும் நீலமானது!

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமியே ஒரு நொடி திகைத்துத்தான் போனார்.

"பாத்தீங்களா! ஊத்து அத்தனை பெருசு, பாட்டிலுக்கே தெரிஞ்சுபோச்சு!"

"அப்படீங்களா?" பிரவீனா தன் ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். ஜலஜோதி சிவப்பானது. பச்சையானது. பிறகு கல்யாண மண்டப சீரியல் செட் மாதிரி கண்சிமிட்டத் தொடங்கியது.

"நான் லாரிக்கு மாட்டுற அதே லைட்டுதானுங்க. ஒரே ரிமோட்டுக்கு ரெண்டும் எரியும். அவரு துண்டுக்குள்ளயும் ஒண்ணு இருக்குதுங்க." ஜோதியைத் தூக்கிச் சாமியின் தலைக்கு மேல் பிடித்து நீலத்தை அழுத்தினாள். "அப்பா, இங்கயும் தண்ணி இருக்குதாமுங்க. போர் போடற ரிக் வண்டிய இங்கயே நிறுத்தச் சொல்லட்டுங்களா?"

கைலாசம் துண்டை உருவினார். ரிமோட் மண்ணில் விழுந்தது. சாமி செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார். வியாபாரி கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப, நல்லம்மாள் மாட்டைக் கட்டுத்தறிக்கு ஓட்டிப் போனாள்.

இத்தோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? பக்கத்துக் காட்டுக்காரர் செங்கோடன் மெல்லப் பிரவீனாவிடம் வந்தார்.

"அம்மிணி, உன்ற பாட்டிலு ரொம்ப சக்தியாட்டம் இருக்குது. நாளைக்கு எங்க காட்டுக்கும் ஒரு பாயிண்ட் பாத்துக் குடு சாமி."

ஆயிரம் அடி பூமியைக் குடையத் தயாராக இருக்கும் பெரியோர்களே, ஓர் அங்குலம் உங்கள் மண்டையைக் குடைந்து பாருங்கள். அங்கேயும் புகைதான் வருகிறதா என்று தெரிந்துவிடும்.