உஸ் மாமியும் பதினொரு குழந்தைகளும்

ஒரு வெள்ளிக்கிழமை நடந்தவை:

1. பள்ளிவாசலின் பெண்கள் பகுதியில், பின்சுவரோரம், பதினொரு குழந்தைகளை உஸ் மாமி ஒற்றையாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.
2. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பாயில் குப்புறத் தூங்கிய மஞ்சள் தொப்பிக்காரியைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.
3. கடற்கரை வீதிக்குத் திரும்பியதும் குழந்தை விழித்துச் சிரித்தது. இரண்டு பற்கள் தெரிந்தன.
4. என் மகளுக்குப் பல்லே முளைக்கவில்லை.

கல்முனையிலிருந்து மருதமுனை வரை தேடினாலும் உஸ் மாமியைப் போலக் குழந்தைகளைப் பார்த்து முகம் சுளிப்பவர் கிடைக்கமாட்டார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. "உஸ்!" என்றால் அழும் குழந்தைகள் மட்டுமல்ல, கதைக்கும் தாய்மாரும் அடங்கிவிடுவார்கள். ஒருமுறை மின்விசிறியும் நின்றது. மின்வெட்டு என்றார்கள், நான் நம்பவில்லை.

தாய்மார் ஜும்ஆ தொழவேண்டும் என்பதற்காக மாமி தன் ஜும்ஆவை விட்டுவிடுவார். எல்லோரும் போனபின் தூணோரம் தனியாக, வழமையான மதியத் தொழுகையான லுஹரைத் தொழுவார். பெருநாளைக்குச் சாரி கொண்டுவந்த ஒருத்தியிடம், "நான் ஒனக்கிட்டக் கேட்டனா புள்ள?" என்று திருப்பிக் கொடுத்தார்.

"ஜும்ஆவ உட்டுட்டுப் புள்ள ஆட்டுறதுக்கா இவ பள்ளிக்கு வாறா?" என்று முன்வரிசையில் முணுமுணுப்பார்கள். மாமிக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அன்று நான் நனைந்தபடி திரும்பி ஓடிவந்தபோது, பல் முளைத்த குழந்தையின் தாய் அழுதுகொண்டிருந்தாள். பெண்கள் பகுதிப் பொறுப்பாளர் மாமியைப் பிடித்து ஏசிக்கொண்டிருந்தார்.

"இனி நீங்க புள்ள பார்க்கத் தேவல்ல. கைப்புள்ளக்காரிகளும் ஊட்டுலயே தொழட்டும்!"

மாமி என் கையிலிருந்த குழந்தையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"பிழை என்னிலதான் மகள்" என்று பொறுப்பாளரிடம் சொன்னார்.

உண்மையில், அவர் வேறொரு குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கேட்காமல் எடுத்தவள் நான். ஆய்வுகூடத்தில் குருதி மாதிரிகளுக்குப் பெயர் ஒட்டுவது என் தொழில். பல்காரியைக் கொடுத்துவிட்டு, என் மகளை எடுத்துக்கொண்டு நழுவினேன்.

அடுத்த வெள்ளி மாமி உள்ளே வரவில்லை. வெளியே, குழாயடிப் பூவரசின் கீழ் பாய் விரித்திருந்தார். வாசலில் தயங்கி நின்ற தாய்மாரைப் பார்த்து, "என்ன முழிக்கிறீங்க? தந்துட்டுப் போங்களன்!" என்றார்.

நான் பக்கத்தில் குந்தினேன். "பிழை என்னிலதானே மாமி. ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ வெக்கத்துல இனிப் பள்ளிப்பக்கமே வரமாட்டா."

"உங்களுக்குப் புள்ளைகள்ல நல்ல விருப்பம், என்ன?"

"விருப்பமா? இதுகள்ர சத்தத்துல மண்ட வெடிக்குது!"

"அப்ப ஏன் மாமி?"

"ஒனக்காகவும் இல்ல, இதுகளுக்காகவும் இல்ல. அல்லாஹ்வுக்கு. போ, குத்பா தொடங்கிட்டு."

பிரசங்கமும் தொழுகையும் முடிந்ததும் எழுந்து நின்று, நடந்ததை எல்லோர் முன்னும் சொன்னேன். முன்வரிசை என்னைத் திரும்பிப் பார்த்தது. பல்காரியின் தாய் மட்டும் சிரித்துவிட்டாள். பொறுப்பாளர், "யோசிப்பம்" என்றார்.

இன்னும் யோசிக்கிறார். குழந்தைகள் இப்போது பதின்மூன்று. பாய் இன்னும் பூவரசின் கீழ்தான். ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி அந்தப் பாயில் நான் உட்காருகிறேன். அந்த வெள்ளிகளில், பாங்கு சொல்வதற்கு முன்பே, மாமி உள்ளே போய் முன்வரிசையில் இடம் பிடித்துவிடுகிறார்.