என் சாகா குடித்த சாராயம்

இனி எந்தப் பெட்ரோல் ஸ்டேஷனுக்கும் முழுக் கப்பம் கட்டமாட்டேன் என்று சபதம் எடுத்தேன். சுங்கை பட்டாணியில், சொந்த வாசலில், சொந்த மனைவி எதிரில்.

நான் ஜெரார்ட். ஆறாம் வகுப்போடு பள்ளியை உதறியவன். பழைய இரும்பில் பேரம் பேசியே வீடு கட்டியவன். எரிசாராயம் இரண்டு கேன் பாதி விலைக்கு அடித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"பெட்ரோல்ல பத்துக்கு ஒண்ணு கலந்தாப் போதும். பிரேசில்ல கார் இதுலதான் ஓடுது."

என் மனைவி ஜேன் கையுறைத் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். ரப்பரைப் பார்த்தால் அதன் ஜாதகமே சொல்வாள்.

"அது அதுக்குன்னு செஞ்ச காருங்க. உங்க சாகா கார் முப்பது வருசப் பழசு. ரப்பர் டியூப்பெல்லாம் ஊறி உப்பிப்போகும்லா. வித்துட்டுப் புதுசா ஒரு மைவி கார் வாங்குங்க."

"பேரே சாகா. சாகாது. பந்தயம் வச்சுக்க. ஒரு மாசம் சாராயத்துல ஓட்டிக் காட்டுறேன். ஓட்டலன்னா வித்துடலாம்."

"சரி. ஆனா நான்தான் கலப்பேன். உங்களுக்கு விலை தெரியும், அளவு தெரியாது."

பணிந்துவிட்டாள் என்று மீசையை முறுக்கினேன்.

வாராவாரம் அவளே கலந்து ஊற்றினாள். குடித்தவன் தள்ளாடுவான். என் கார் குடித்துவிட்டு ஜெராய் மலையே ஏறியது. எதிர்வீட்டு அய்யாவு அண்ணனை யான் என்ற ஊர் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"எஞ்சினா இது, குதிரைண்ணே. எட்டாயிரம் வெள்ளிக்குக் கீழ எவனும் வாயத் திறக்கக் கூடாது."

முப்பதாம் நாள் ஜேன் முன்னால் போய் நின்றேன்.

"ஓடுச்சா இல்லையா?"

"ஓடுச்சு. வெறும் பெட்ரோல்ல."

"என்னது?"

"ஒரு சொட்டு கலக்கல. சாராயத்துல ஓட்டுறதுதானே பந்தயம்? ஓட்டலையே."

"ஏமாத்துக்காரி. எதுக்கு இந்த வேல?"

"விக்கப்போற காரை யாராச்சும் கெடுப்பாங்களா?"

"எவன் வாங்குவான் அதை?"

"அய்யாவு அண்ணன். யானுக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து தூங்கலையாம். நீங்க சொன்ன எட்டாயிரம்தான். பேரமே பேசல."

பேரமே பேசாமல் என் காரா? அலமாரித் தட்டெல்லாம் அதிரக் கத்தினேன். அவள் அந்த இரண்டு கேனையும் பழைய துணியையும் என் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க உங்க சரக்கு. கண்ணாடி துடைக்க இதவிட நல்லது கிடையாது. அஞ்சு மணிக்கு அவர் வந்துடுவார்."

"முடியாது. முடியவே முடியாது" என்று சொல்லிக்கொண்டே பின்கண்ணாடி வரைக்கும் துடைத்து முடித்தேன்.