கிழக்கே பார்க்காத பிளேன்

ரண்டர்ஸ், டென்மார்க்
ஆவணி, 2009

பெருமதிப்புக்குரிய மகேந்திரராசா அத்தானுக்கு,

மைத்துனன் சபாரத்தினம் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் கோப்பாயில் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இங்கே தங்கமலரும் நானும் உடம்பால் சுகம். மானம் மட்டும் போய்விட்டது. அதைப் போக்கடித்தவள் என் மகள், உங்கள் அருமை மருமகள் துவாரகா.

அவள் சின்ன பிளேன் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்ததையும், முதல் ஆளாக என்னை ஏற்றப் போவதையும் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். வைகாசியில் சண்டை முடிந்த பிறகு இங்குள்ள எங்கள் சனம் கூடியதெல்லாம் அழுவதற்குத்தான். ஒரு தடவையாவது நல்லதுக்குக் கூடட்டும் என்று ஆசைப்பட்டேன். அது பிழையா, அத்தான்? அதனால்தான் உங்களிடம் நாள் கேட்டேன். நீங்களும் பஞ்சாங்கம் பார்த்து, சனிக்கிழமை காலை, கிழக்கே பார்த்துப் புறப்பட வேண்டும் என்றீர்கள். நான் ரண்டர்சில் பாதிப் பேரையும் ஹோர்சன்சில் மீதிப் பேரையும் கூப்பிட்டு, வீடியோக்காரருக்கும் சொல்லி, ஊருக்கு வெளியே உள்ள விமானத்திடலில் கலியாண வீடு போல நிரப்பிவிட்டேன்.

புது வாகனத்துக்கு வைப்பது போல, பிளேனின் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தேன். கிளப்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பிளேன் உருளாமல் இருக்கத்தான் வைக்கிறேன் என்று நினைத்து, இது போதாது என்று இரண்டு மரக்கட்டைகளைக் கொண்டுவந்து தந்தார். அப்போது வேறொரு பிளேன் எங்கள் தலைக்கு மேலால் போனது. வெள்ளைக்காரர் அண்ணாந்து பார்த்தார்கள். எங்கள் சனம் குனிந்தது. தங்கமலர் ரோல்ஸ் தட்டோடு மேசைக்குக் கீழே போய்விட்டாள். பிறகு எல்லோரும், ஏதோ கீழே விழுந்ததைத் தேடியவர்கள் மாதிரி எழும்பினோம்.

துவாரகா கம்பத்தில் ஆடிய, காற்றின் திசை காட்டும் பையைப் பார்த்தாள்.

"அப்பா, காத்து மேற்கால வருது. அதுக்கு முகம் குடுத்துத்தான் ஏறோணும். கிழக்க பாத்து ஏலாது."

"மாமா பாத்துத் தந்த திசை, பிள்ளை."

"மாமா காத்தைப் பாக்கேல்லையே, அப்பா."

உங்களையே சொல்லிவிட்டாள்! நாங்கள் வாதாடி முடிப்பதற்குள் காற்று பக்கவாட்டுக்குத் திரும்பி, விட்டு விட்டு அடிக்கத் தொடங்கியது. மேசையில் இருந்த கடதாசிக் கோப்பைகள் பறந்தன. அன்றைக்குப் பறந்தவை அவைதான்.

"இண்டைக்கு இல்லை. இது என்ர அளவுக்கு மேல."

"ஒரே ஒரு வட்டம், பிள்ளை. சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிக்குது."

"அதுதான் அப்பா பயம். ஆக்கள் பாக்கேக்க மனம் மாறும் எண்டுதான், எவ்வளவு காத்துக்குப் பறக்கிறேல்லை எண்டு முதலே முடிவெடுத்து வைச்சனான்."

நான் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "நை, ஃபார்," என்றாள். அவள் டேனிஷில் மறுத்தால் அதற்கு மேல் பேச்சில்லை. ஹோர்சன்சில் இருந்து வந்த சண்முகலிங்கம் என் கட்லட்டைச் சாப்பிட்டுக்கொண்டே, "என்ன சபா, லைசென்ஸ் தபாலிலயோ வந்தது?" என்று கேட்டான். வீடியோக்காரர் பறக்காத பிளேனைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து, பல வருடமாகப் பறக்கும் கிளப்காரர் ஒருவர் வந்து இறங்கினார். பிளேன் துள்ளி, ஒரு பக்கம் சரிந்து, புல்லுக்குள் ஓடி நின்றது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து துவாரகாவுக்குக் கைகொடுத்தார். பறந்ததற்கல்ல, பறக்காததற்கு! ஆனாலும் அவர் இறங்கினார்தானே, அத்தான்? உயிரோடு இருக்கிறார்தானே?

ஆகவே நீங்கள் அவளுக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுத வேண்டும். துணிவில்லாதவளுக்குப் பறப்பு எதற்கு, விட்டுவிடு என்று எழுதுங்கள். உங்கள் சொல்லைத் தட்டமாட்டாள்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. உங்கள் இருவரையும் முருகன் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த மைத்துனன்
சபாரத்தினம்

பி.கு: முத்திரை ஒட்டாமல் இது ஒரு வாரம் மேசையில் கிடந்தது. திருப்பி எழுதப் பஞ்சியாக இருக்கிறது. மேலே உள்ளதை வாசித்துவிட்டு மறந்துவிடுங்கள். அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். நேற்று ஞாயிறு மாலை காற்று அடங்க, "இப்ப வாங்கோ, அப்பா" என்றாள். பார்த்தால் ராகுகாலம். மேற்கே பார்த்துத்தான் ஏறினோம். அக்காவுக்குச் சொல்லிவிடாதீர்கள். எனக்குப் பயந்தான்; பெல்ட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு அத்தனை பேருக்கு முன்னால் ஏலாது என்று சொன்ன பிள்ளைதானே இன்றைக்கு ஏலும் என்கிறாள் என்று நினைத்தேன். பயம் போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு மேலால் ஒரு வட்டம் அடித்தோம். சத்தம் கேட்டுத் தங்கமலர் வெளியே ஓடிவந்தாள். அவள் பதுங்கவில்லை, அத்தான். முற்றத்தின் நடுவில் நின்று, கையில் அகப்பையோடு, எங்களை அண்ணாந்து பார்த்துக் கைகாட்டினாள்.