மூன்றாம் மேசையின் முகவரி

சமூகமளித்தோர்: பணிப்பாளர் அழகரத்தினம், தரக் கட்டுப்பாட்டு மேலாளர் டிலக்சன், பொறியாளர் சஹ்லா, பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே இரவு முறை வேலை பார்க்கும் நான், பழுதான ஏசி.

மனித குலம் மறதியை வென்ற நாள் அது. வென்ற இடம், மட்டக்களப்பில் வாவியைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் மென்பொருள் நிறுவனம்.

கிளினிக்குகளில் நோயாளரைப் பெயர் காட்டி அழைக்கும் திரைகளுக்கு நாங்கள் நிரல் எழுதுகிறோம். எங்கள் நிரல் பெயரை எழுதி வைக்காது. நினைவகத்தில் பெயர் இருக்கும் முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளும். பெயரைத் தந்த வேறொரு நிரல் தன் வேலை முடிந்ததும் அதை அழித்துவிடும். அங்கே வேறேதாவது குடிவரும். எங்கள் நிரல் பழைய முகவரிக்கே போய், கிடப்பதைப் பணிவோடு வாசிக்கும். கொழும்பு வாடிக்கையாளர் சரீப்பின் திரையில், ஆச்சிப்பிள்ளை என்று வரவேண்டிய இடத்தில் யாருடையதோ பாதித் தொலைபேசி எண் வந்தது.

"பெயரை நாங்களே பிரதி எடுத்து வச்சா முடிஞ்சுது சேர். ஒரு வரி வேலை" என்றார் சஹ்லா.

ஒரு வரியில் முடிவதைப் பணிப்பாளர் மதிப்பதில்லை. ஆழ்ந்த பரிசீலனையின் பின் 'அழிக்காமைக் கொள்கை' பிரகடனமானது: இனி நினைவகத்திலிருந்து எவரும் எதையும் அழிக்கலாகாது. மதியத்துக்குள் நினைவகம் நிரம்பிச் சோதனைத் திரை உறைந்தது.

"பெயர் வடிவா நிக்குதுதானே" என்றார் டிலக்சன். உண்மைதான். நாள் முழுக்க ஆச்சிப்பிள்ளை என்ற அதே பெயர் நின்றது.

'பரிசோதிக்கப்பட்டது, திருப்தி' என்று சஹ்லா ஒப்பமிட வேண்டும். மறுத்தார். எதையும் அழிக்காத நிறுவனம் அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கி, அவர் ஒப்பமில்லாமலே நிரலைச் சரீப்புக்கு அனுப்பியது. பழுதென்றால் சஹ்லா இருந்த மூன்றாம் மேசையை, அது கிடைக்காவிட்டால் நான்காம் மேசையை அழைக்கும்படி சரீப்புக்குச் சொல்லியிருந்தோம். அதை யாரும் மாற்றவில்லை.

மறுநாள் ஏசி திருத்த வந்த முகைதீன்பாவா மூன்றாம் மேசையில் சற்று இளைப்பாறினார். தொலைபேசி அடித்தது. திரை உறைந்துபோய்க் கிடக்கிறது, என்ன செய்வது என்று கேட்டார் சரீப்.

"பயப்படாதீங்க தம்பி. ஐஸ் பிடிச்சிரிக்கும். ரெண்டு மணித்தியாலம் நிப்பாட்டிப் போட்டுத் திரும்பப் போடுங்க."

நிறுத்தினால் நினைவகம் காலியாகும். திரை அரை நாள் ஓடியது. சரீப் நன்றி தெரிவித்தார். மூன்றாம் மேசையின் 'நிபுணத்துவத்தை' மெச்ச அடுத்த நாள் இரண்டாம் கூட்டம் கூடியது.

நான் வாயைத் திறந்தேன். "சேர், ஆளை அனுப்பிப்போட்டு மேசையைக் காட்டிக்கொண்டு இருக்கம். நிரல் செய்யிற அதே பிழைதான். சஹ்லாவைக் கூப்பிடுங்க. இல்லாட்டி அங்க ஆச்சிப்பிள்ளையைத் தவிர வேற ஆரும் மருந்து எடுக்க ஏலாது."

பணிப்பாளர் என் நேர்மையைப் பாராட்டினார்.

"உன்ட திறப்பைத் தா மனே" என்றார்.

அலுவலகச் சாவியையும் வேலையையும் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். உள்ளே நான்காம் மேசைத் தொலைபேசி அடித்தது. அது என்னுடைய மேசை. ஏசி இன்னும் சரிவராததால் முகைதீன்பாவா அன்றும் வந்திருந்தார். "ஓம் தம்பி, சொல்லுங்க" என்ற அவர் குரல் கேட்டது.

எனக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.